டீம் வரும் வாரம்: செட்டிநாட்டுக் காப்பகங்களும் கடல் கடந்த மிஷன் பயணங்களும்

சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. நம்மூரில் பள்ளி திறப்பதும் ஜூனில்தான். வெளிநாட்டுக் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து நம்மூர்க் குழந்தைகள் காப்பகங்களுக்குச் சில நாள் ஊழியத்துக்கு வருகிற மிஷன் ட்ரிப் என்கிற ஏற்பாட்டின் பாதிக் கதை இதிலேயே தெரிந்துவிடும். அங்கே விடுமுறை விட்டதும் சபை இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர், ஒரே நிற டி-ஷர்ட்டில் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அங்கிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இங்கே காப்பகத்துப் பிள்ளைகள் கையில் புதுப் புத்தகம் வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஆனாலும் டீம் வந்திருக்கிறதே! மாலைப் படிப்பு நேரம் ஆக்‌ஷன் சாங் நேரமாகிவிடும். வீட்டுப்பாடம் ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூனை விட்டால் டிசம்பர். ஆத்தங்குடி டைல்ஸையும் கானாடுகாத்தான் பெரிய வீடுகளையும் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் வரும் அதே குளிர் மாதங்களில், காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் காப்பகங்களுக்கும் ஆட்கள் வருகிறார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் சபைகள்தான் அதிகம். அமெரிக்கா, கொரியாவிலிருந்தும் வருவார்கள். நிகழ்ச்சி நிரல் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் நாள் மாலை, வரவேற்புப் பாட்டு. அப்புறம் மூன்று நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாணியில் கதை, பாட்டு, கைவேலை. ஒரு நாள் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, ஒரு நாள் பிரியாணி போட்டுப் பரிமாறுவது, நடுவில் ஒரு நாள் மதுரைக்கோ கானாடுகாத்தானுக்கோ சுற்றுலா. கடைசி ராத்திரி ஜெபம், கட்டிப்பிடித்து அழுகை, குரூப் போட்டோ.

பெயின்ட் அடிப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது முட்டைச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்க்க ஊர் ஊராக ஆள் வருகிற பூமி. கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் இங்கே பஞ்சமே கிடையாது. அந்த ஊரில் பிரஷ் பிடித்துப் பழக்கமில்லாத கல்லூரிப் பிள்ளைகள் விமானம் ஏறி வந்து சுவரில் வானவில் வரைந்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வருஷம் வரும் டீம் அதன் மேலேயே இன்னொரு வானவில் வரையும்.

வருகிறவர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலோர் உண்மையான அன்போடு, சொந்தக் காசைச் சேர்த்து வைத்து வருகிறவர்கள். பிரச்சினை அவர்கள் மனசில் இல்லை. வந்து போகிறவர்களை நம்பி ஒரு காப்பகம் ஓட ஆரம்பித்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கு ஏற்ற இடமாக மாறிவிடுகிறது. யாருக்காகத் திறந்தார்களோ அந்தப் பிள்ளைகளின் தேவை இரண்டாவது இடத்துக்குப் போகிறது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பஞ்சத்தில் பிறந்த போர்டிங்

இந்தப் பக்கம் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. தேவகோட்டைக்காரர்கள் கால்நடையாகப் போகிற ஓரியூரில் கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் வெட்டப்பட்டது 1693இல். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைக்காரர்கள் ரொம்பப் பின்னால், 1834இல் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியபோதுதான் மதுரை, சிவகங்கைச் சீமைக்குப் பெரிய அளவில் வந்தார்கள். வந்ததும் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தோடு போர்டிங் என்கிற விடுதி. வானம் பார்த்த பூமியில் கண்மாய் வற்றினால் சோறு கிடையாது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியா முழுக்க மிஷனரிகள் அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக் காப்பகம் திறந்தார்கள். அன்றைக்கு அது உயிரைக் காப்பாற்றிய வேலை. அதில் சந்தேகம் இல்லை.

அந்தக் காலத்து ஆட்களிடம் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளுக்காக இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1951இல் டோனாவூரிலேயே இறந்தார். நடுவில் ஒரு தடவைகூடத் தன் நாட்டுக்குப் போகவில்லை. அவருடைய காலத்துக் கருத்துகள் எல்லாவற்றையும் இன்றைக்கு ஏற்க முடியாது. ஆனால் அவர் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு, வளர்ந்து கல்யாணமாகிற வயதிலும் அதே அம்மா அங்கேயே இருந்தார்.

கடல் கடந்து போவதைப் பற்றிச் செட்டிநாட்டுக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கடைக்குப் போன ஆள் வழக்கமாக மூன்று வருஷம் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். அடுத்தாள் (உதவியாளர்), மேலாள் (கடைப் பொறுப்பாளர்) என்று படிப்படியாகத் தொழில் பழகி, அந்த ஊர்ப் பாஷை பேசிய பிறகுதான் கையில் பொறுப்பு வரும். கொடுக்கல் வாங்கலுக்கே மூன்று வருஷம் தேவைப்பட்ட இடத்தில், தாயைப் பிரிந்த ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்ளப் பத்து நாள் போதும் என்று எப்படி முடிவு செய்தோம்? விமான டிக்கெட் மலிவானதுதான் காரணம். கப்பல் காலத்தில் பத்து நாள் ஊழியம் என்று ஒன்று இருந்திருக்க முடியாது.

மே மாதம் யார் இருப்பார்கள்?

போர்டில் அனாதை இல்லம் என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். வருகிற டீமுக்கு மட்டும்தான் தெரியாது, அல்லது சொல்லப்படுவதில்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடு முழுவதும் இருக்கும் காப்பகங்களைக் கணக்கெடுத்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. 9,500க்கும் மேற்பட்ட காப்பகங்கள், 3.7 லட்சம் குழந்தைகள். எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 1,600க்கும் மேல். பாதுகாப்பு தேவைப்படுவோர் என்று அங்கே வைக்கப்பட்டிருந்த குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஒற்றைப் பெற்றோரின் பிள்ளைகள். தாயும் தகப்பனும் இல்லாத குழந்தைகள் அதைவிட மிகக் குறைவு.

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கதை எளிது. அப்பா குடியிலோ விபத்திலோ போய்ச் சேர்கிறார், அல்லது வெளிநாட்டுக்குப் போனவரிடமிருந்து தகவல் இல்லை. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். அங்கே ஒரே அறையில் நான்கு பெண்கள் தங்கினால், பிள்ளையை எங்கே வைப்பது? அப்பத்தாவுக்கு வயசாகிவிட்டது, அம்மாச்சி வீட்டில் ஏற்கெனவே மாமா பிள்ளைகள். அந்த நேரத்தில் தெரிந்த பாஸ்டரோ சிஸ்டரோ வந்து, சாப்பாடு போட்டு இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்கிறோம் என்கிறார். எந்தத் தாய் வேண்டாம் என்பார்? பிள்ளையைத் தள்ளிவிட்டதாக அவர் நினைப்பதில்லை. போர்டிங்கில் சேர்த்திருப்பதாக நினைக்கிறார். தன் அம்மாவும் போர்டிங்கில் படித்து டீச்சர் ஆனவர் என்று பெருமையாகச் சொல்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த நினைப்பில் தப்பும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். மே மாதம் ஒரு காப்பகத்துக்குப் போனால் போதும். முக்கால்வாசிக் கட்டில்கள் காலியாக இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் போக வீடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீட்டால் மற்றப் பதினொரு மாதமும் ஏன் முடியவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் பதில், பணம். சில வீடுகளில் அடி உதை, குடி, பாதுகாப்பில்லாமை. அங்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, அதற்குக் காப்பகம் வேண்டும். இரண்டையும் ஒரே போர்டின் கீழ் வைத்துவிட்டதுதான் குழப்பம்.

முன்பு பணம் என்றால் சோறும் படிப்பும். இன்றைக்கு அந்தக் கணக்கு நிறைய மாறிவிட்டது. மதிய உணவு காமராஜர் காலத்தில் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கினார். 2022இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. இலவசப் பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் எல்லாம் இருக்கிறது. சோற்றுக்காகப் பிள்ளையைப் பிரிய வேண்டிய நிலைமை 1877இல் இருந்த மாதிரி இப்போது இல்லை. இன்னும் மிஞ்சுவது வீட்டு வாடகை, சாயங்காலம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அம்மாவுக்கு உள்ளூரிலேயே ஒரு வேலை.

மிஷன் ட்ரிப்புக்கு ஆள் சேர்க்கும்போது எல்லாச் சபையிலும் படிக்கிற வசனம் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் 27ஆவது வசனம். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று அதைப் பிரசங்கம் பண்ணுவார்கள். ஆனால் அந்த வசனம் பிள்ளைகளை மட்டும் சொல்லவில்லை, விதவைகளையும் சேர்த்தேதான் சொல்கிறது. அங்கே பிள்ளையும் தாயும் ஒன்றாக இருக்கிறார்கள். நாம் பிள்ளையை மட்டும் எடுத்துக் கட்டடத்தில் வைத்து, தாயைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது

ஒரு தாய்க்கு மாதம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பிள்ளை வீட்டில் இருக்கும். ஆனால் தாய்க்குப் பணம் கொடுப்பதைப் போட்டோ எடுத்துச் சபையில் காட்ட முடியாது. அறுபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாடுவதைக் காட்ட முடியும். நன்கொடை பிள்ளை எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது என்றால், காப்பகம் பிள்ளைகளைத் தேடத்தான் செய்யும். நடத்துகிறவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் வீடு திரும்பினால் பன்னிரண்டு ஸ்பான்சர் போய்விடுவார்கள், சமையல் அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அந்தச் சங்கடத்தில் நல்லவரும் கணக்குப் போடுவார்.

இது எதுவரை போகும் என்பதற்கு வெளியில் உதாரணங்கள் இருக்கின்றன. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் காப்பகங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த வருஷங்களில் அங்கே அனாதைகள் அந்த அளவுக்குக் கூடவில்லை, கூடியது சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையும்தான். பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, மலைக் கிராமங்களில் தரகர்கள் பெற்றோரிடமே காசு வாங்கிக்கொண்டு, காத்மாண்டுவில் படிக்க வைப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அந்தக் காப்பகங்களில் பெரும்பாலானவை இருந்தது காத்மாண்டு, பொக்காரா மாதிரி வெளிநாட்டுக்காரர் வரும் மாவட்டங்களில். ஹைட்டியில் 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு, அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டப் பார்த்தபோது கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் நிஜமாகவே நம்பியிருக்கலாம். விசாரித்தால் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் இதே ஆபத்து எட்டிப் பார்த்தது. பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டுகிறோம், தத்தெடுக்கிறோம் என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தமிழக அரசு அவசரத் தத்தெடுப்பைத் தடுத்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. அன்றைக்கு எடுத்த நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று என்பேன்.

உலக அளவில் கருத்து மாறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, காப்பகத்துக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் சேர்ந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, காப்பகங்களில் தன்னார்வலர் சுற்றுலாவால் வரும் கேடுகளைக் குறிப்பிட்டே தீர்மானம் போட்டது. நம் சபைகளில் இன்னும் இந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை.

இந்தியாவில் பணத்தின் பாதையைச் சட்டமும் மாற்றியது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பிரச்சினையில் 2017 மார்ச்சில், ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்த அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பான கம்பாஷன் இந்தியாவை விட்டுப் போனது. கம்பாஷன் புராஜெக்ட் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலை அத்தோடு நின்றது. 2020 திருத்தம் இன்னும் இறுக்கியது. பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்பு, தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு சிறிய அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய மிஷன் மூலம் பணம் வாங்கிக்கொண்டிருந்த சின்னக் காப்பகங்களுக்கு அத்தோடு வழி அடைபட்டது. அப்புறம் என்ன ஆகும்? நேரில் வருகிற டீம்தான் கதி என்றாகிவிடும். வருகிறவரைக் குளிரவைக்க வேண்டிய கட்டாயம் முன்னைவிடக் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீமில் வருகிறவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே. கிளம்பும்போது கவரில் ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போனாலும், கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான். பதிவில்லாத காப்பகம் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது காப்பகம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் காரைக்குடிக்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அந்தக் கணக்கில் வராது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும்.

ஓடி வந்து கட்டிக்கொள்ளும் பிள்ளை

டீமில் வந்தவர்கள் ஊர் திரும்பிச் சபையில் சொல்லும் சாட்சிகளில், அதாவது அனுபவப் பேச்சுகளில், கட்டாயம் ஒரு வரி இருக்கும்: பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், என்ன அன்பு! கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். குழந்தை மனநலம் படித்தவர்களுக்கு அதே காட்சி வேறு விதமாகத் தெரியும். நம் வீட்டு நாலு வயதுப் பிள்ளை புதிதாக ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால் ஒளியும். கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும், அப்புறம்தான் பக்கத்தில் வரும். ஒளிய ஒரு சேலை இல்லாத பிள்ளைதான் யார் வந்தாலும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளும். காப்பகங்களில் வளரும் குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இதில் அழுத்தமான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான ஏற்பாடு தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். சோறும் துணியும் காப்பகத்திலும் கிடைத்தது. தன் அழுகையை அடையாளம் தெரிந்து ஓடிவர ஒரே ஆள், தினமும் அதே ஆள், அதுதான் அங்கே இல்லை. ருமேனியக் காப்பகங்கள் அளவுக்கு நம் ஊர்க் காப்பகங்கள் மோசமில்லை என்பது உண்மை. எங்கள் பக்கத்து வார்டன் அக்காக்களில் பிள்ளைகளை உயிராகப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அக்காவுக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்தால், அவர் இன்னும் இரண்டு வருஷம் இருப்பாரா என்று சொல்ல முடியாது. டீம் வரும் வாரத்தில் அவர் சமையலறையிலேயே இருப்பார். போட்டோவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது வந்தவர்.

அப்புறம் காப்பகத்துப் பிள்ளைகளின் சாட்சி நேரம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி, அப்பா எப்படிக் குடித்தார், அம்மா எப்படி இறந்தார் என்று சொல்லச் சொல்வார்கள். ஒருவர் மொழிபெயர்ப்பார். அழுதால் டீமும் அழும். அடுத்த டீம் வரும்போது அதே பிள்ளை, அதே கதை. எந்தக் கதைக்கு நோட்டு வரும், எந்தக் கதைக்குச் சாக்லேட் வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. இதைச் செய்கிறவர்கள் ஊழியம் என்றே நினைத்துச் செய்கிறார்கள். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது, இதை நிறுத்த வேண்டும்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74இன்படி காப்பகத்துப் பிள்ளையின் பெயர், முகம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இன்ஸ்டாகிராமில் போடுகிற குரூப் போட்டோவில் அறுபது பிள்ளைகளின் முகமும் பின்னால் காப்பகத்துப் பெயர்ப் பலகையும் இருந்தால் நிலைமை என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயம் உண்டு. அதைச் சபைகளில் வாய் திறந்து பேசுவதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளைகளோடு தங்கலாம் என்கிற இடத்தைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. கோவாவில் மட்காவ் பக்கம் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஃப்ரெடி பீட்ஸ் 1991இல் கைதாகி, 1996இல் ஆயுள் தண்டனை பெற்றார். அதுவரை ஊரில் அவருக்கு நல்ல பெயர்தான். வெளிநாட்டு ஆட்கள் அங்கே வந்து போனதும் விசாரணையில் வெளியே வந்தது. அதனால் காவல்துறைச் சான்று கேட்பதும், பிள்ளையோடு தனியாக விடாமல் இருப்பதும் அவமதிப்பு ஆகாது. நம் ஊரில் விருந்தாளியிடம் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

வர வேண்டாமா?

கேட்பார்கள் என்று தெரியும். சட்டப்படி முடியாது என்று இல்லை. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தன்னார்வ வேலை ஒரு மாதத்துக்குள் செய்யலாம். மதப் பிரசாரம் செய்ய முடியாது, அதற்குத் தனியாக மிஷனரி விசா. வி.பி.எஸ். இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று டீம் தலைவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும், மாட்டிக்கொள்வது உள்ளூர் பாஸ்டர். காப்பகம் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 41இன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு பிள்ளையும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் அங்கே இருக்க வேண்டும். போகும் முன் சபை இந்த இரண்டு காகிதத்தைக் கேட்கலாம். நல்லபடியாக நடத்துகிறவர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்.

இதே கேள்விகள் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இப்போது காரைக்குடி, மதுரைச் சபைகளிலிருந்தே இளைஞர்கள் நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் மிஷன் ட்ரிப் போகிறார்கள். நாமும் ஏழை நாட்டுக்காரர்தானே, நமக்குப் புரியும் என்று நினைப்பு. நேபாளி தெரியாமல் நேபாளப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தால், அங்கே நாம்தான் வெளிநாட்டு டீம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து வந்து போக ஆளுக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு 3 லட்சம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க அரசு கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் தொகை மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000. அந்த 3 லட்சத்தில் ஆறு பிள்ளைகள் ஒரு வருஷம் அம்மாவோடு இருக்கலாம். உடனே ஒருவர் சொல்வார், நேரில் பார்த்தால்தானே கொடுக்கிற மனசு வரும் என்று. நியாயம்தான், பலருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. அப்படியானால் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு அடுத்த வருஷம் பத்துப் பேர் டிக்கெட்டுக்குப் பதில் அந்தப் பணத்தை அனுப்புகிற சபை எத்தனை என்பதுதான் கேள்வி.

அந்த 4,000 பல தாய்மாருக்குத் தெரியவே தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து மனுக் கொடுக்க வேண்டும். சிவகங்கைக்கு நான்கு தடவை அலைய ஒரு கூலித் தொழிலாளிக்கு நான்கு நாள் சம்பளம் போகும். கூடப் போக ஒரு ஆள் இருந்தால் வேலை முடியும். இதைச் செய்ய உள்ளூர்ச் சபையில் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது, பத்து டீம் வருவதைவிட அதிகப் பிள்ளைகளை வீட்டில் வைக்கும் என்பது என் கணிப்பு.

வந்தே தீருவேன் என்கிறவருக்கும் வேலை இருக்கிறது. பிள்ளைகளோடு வேண்டாம், ஊழியர்களோடு. பேச்சுப் பயிற்சி தெரிந்தவர், சிறப்புக் குழந்தைகளைக் கையாளத் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், அதுவும் தமிழ் பேசுகிறவர் வந்து வார்டன் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். அக்காவுக்கு வாரம் ஒரு நாள் லீவு கிடைக்க மாற்று ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். இது எதிலும் நல்ல போட்டோ கிடைக்காது.

யாருமே எட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது: பதினெட்டு வயது. அந்தப் பிறந்தநாளோடு காப்பகத்தின் பொறுப்பு முடிகிறது. 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு என்று சட்டத்தில் இருக்கிறது, பலருக்கும் அது கைக்கு வருவதில்லை. சின்ன வயதில் அத்தனை டீமும் தூக்கிக் கொஞ்சிய பையன், பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னையில் அறை தேடும்போது, அட்வான்ஸ் கொடுக்கவும் பொறுப்புக் கையெழுத்துப் போடவும் ஆள் இல்லை. சிங்கப்பூரில் வெல்டிங் வேலைக்கு ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறான், அது நியாயமான வேலைதானா, பெர்மிட் சரிதானா என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. சிங்கப்பூர்ச் சபையில் அதைக் கேட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். வாட்ஸ்அப் போதும், விமானம் ஏற வேண்டியதில்லை.